சகுந்தலா சிலுத்துக்கல

ஊருல என்னை சூனியக்காரின்னுதான் சொல்றாங்க. சொல்லிட்டுப் போவட்டும், வாய்க்கு இன்னா வாடகையா குடுக்கறாங்க. என் பேரு சாந்தம்மாள். பேருக்கும் உனக்கும் ஏணி வெச்சாலும் எட்டாதுடின்னு உயிரோட இருந்தப்பவே கிண்டல் பண்ணுவாங்க. ஜமுனாமரத்தூருக்கு பஸ்ஸு வர்றதுக்கு முன்னாடியே செத்தவ நானு. இப்ப மலை மேல செல்போன் டவரு நிக்கிது, பசங்க கொண்டை ஊசி வளைவுல வண்டிய படுக்கப் போட்டு ஓட்டுதுங்க. நான் மட்டும் அப்பிடியேதான் கீறேன்.

உயிரோட இருந்தப்ப எனக்கு கோயில்ல ஒரு வேல இருந்துது. எங்கப்பனுக்கு ஆம்பளப் புள்ள இல்ல, அதனால அந்த வேல எனக்கு வந்துது. கெடா வெட்டறதுக்கு முன்னாடி ஆட்டு முதுவுல மஞ்சத்தண்ணி தெளிக்கணும். தெளிச்சா ஆடு ஒடம்ப சிலுத்துக்கணும். சிலுத்துக்குச்சுன்னா சாமி உத்தரவு குடுத்துட்டுது, ஈரம் காயறதுக்குள்ள வெட்டிடணும். காய வுட்டுட்டா அந்த ஆட்ட அவுத்து வுட்டுறணும், அப்புறம் ஜென்மத்துக்கும் அது மேல கத்தி படக் கூடாது. சிலுத்துக்கலைன்னா சாமிக்கு இன்னாவோ கொற கீதுன்னு அர்த்தம். இன்னா கொறன்னு கேக்கணும். யாரு மேலயாவது அருள் வந்து சொல்லும். அந்தக் கொறய தீத்துட்டுத்தான் மறுபடி தண்ணியத் தொடணும். வெட்டறவன் அவசரப்படுவான், கறிக்கு ஒக்காந்தவன் அவசரப்படுவான், நான் அசைய மாட்டேன்.

ஒரு வருஷம் வீரன் ஓட்டினு வந்த கெடா சிலுத்துக்கவே இல்ல. வீரன்னா ஊருல பெரிய கை. கொற இன்னான்னு கேட்டா, அவன் தம்பி பொஞ்சாதிய ஏமாத்தி நெலத்தப் புடுங்கினதுதான்னு அருள்ல வந்துது. நெலத்த திருப்பிக் குடுக்காம வெட்டக் கூடாதுன்னு நான் சொன்னேன். அந்த வருஷம் மழையும் வரல, சாமை கருகிப் போச்சு. இவதான் மழைய கட்டிப் போட்டுட்டான்னு வீரன் கெளப்பி வுட்டான். பங்காளிங்க எல்லாம் ஒன்னு கூடி, என் குடிசைய வெளிய தாப்பா போட்டுக் கொளுத்திட்டாங்க.

கொளுத்துனதுல கூட எனக்கு அவ்ளோ கோவம் இல்ல. ஆட்டுக்கே உத்தரவு கேட்டுட்டு வெட்டற ஊரு இது. என்னை ஒரு வார்த்த கேக்கல. ஒரு சொட்டு தண்ணி தெளிக்கல. அந்தக் கோவம்தான் என்னை மண்ணோட போவ வுடல.

செத்து எழுந்து பாத்தா கையில ஒரு புத்தகம் இருந்துது. வேங்கை மரப்பட்டைய அட்டையாப் போட்டு, உள்ள ஏடு ஏடா. யாரு குடுத்தாங்கன்னு இன்னிக்கும் தெரியாது. எனக்கு எழுத்து வராதுன்னு குடுத்தவங்களுக்குத் தெரிஞ்சிருக்கு, உள்ள அத்தனையும் படம். ஒரு ஏட்டுக்கு ஒரு ஆளு, எல்லாம் வீரன் வகையறா. கட்டம் கட்டமாப் பிரிஞ்சி, அந்த ஆளு இப்ப இன்னா பண்ணிக்கினு கீறான்னு படமே காட்டும். காலையில தொறந்தா பல்லு வெளக்குவான், மத்தியானம் தொறந்தா வாயப் பொளந்துனு தூங்குவான். பொழுது போவறதுக்கு நல்லாத்தான் இருக்கும். ஆளு போய்ச் சேந்ததும் படம் அழிஞ்சி அடுத்த ஏடு பிரியும். அதுவரைக்கும் பல்லால இழுத்தாலும் பிரியாது, ஒருத்தர தாண்டி அடுத்தவங்களத் தொட முடியாது. கடைசி ஏடு முடிஞ்ச அன்னிக்கு எனக்கு விடுதல. அத்த யாரும் சொல்லல, பசி எடுக்கறது தெரியற மாதிரி எனக்கே தெரியும்.

நான் அவங்கள மாதிரி செய்யல. கேட்டுத்தான் எடுத்தேன். மொறயா மஞ்சத்தண்ணி கரைச்சி, பிடரியில தெளிப்பேன். ஒடம்ப சிலுத்துக்குனாங்கன்னா, ஈரம் காயறதுக்குள்ள 'எடுத்துக்குனேன்'னு ஒரு வார்த்த சொல்லுவேன். அவ்ளோதான், கத்தி கித்தி ஒன்னும் கெடயாது. மீதிய வளைவும் பாம்பும் பாத்துக்கும். ஆட்ட வுட மனுஷன் சீக்கிரமா சிலுத்துக்குவான். பனிக்காத்துன்னு நெனச்சி மப்ளர இழுத்துக் கட்டிக்குவான், அதுக்குள்ள நான் சொல்லி முடிச்சிருப்பேன்.

சந்தோஷமா இருந்துதான்னு கேட்டா, வீரனுக்கு இருந்துது. வெளிய தாப்பா போட்ட பங்காளிக்குக் கொஞ்சம் இருந்துது. அப்புறம் ஒன்னும் தெரியல. களை புடுங்கறவ ஒவ்வொரு புல்லுக்குமா சந்தோஷப்படுவா? குனிஞ்சோம், புடுங்கினோம், நகந்தோம்னு போய்னே இருந்துது. வகையறாவுல கடைசியில ஒரே ஒரு வூடுதான் மிச்சம் நின்னுது.

அந்த வூட்டுக்காரன் கோபால்சாமி. நல்ல மனுஷன்தான். நல்லவனுக்குத் தனி ஏடு கெட்டவனுக்குத் தனி ஏடுன்னு புத்தகத்துல இல்ல. மாசி மாசம் புளி உலுக்க மரத்துல ஏறினான். மேல் கெளையில நின்னுனு கீழ இருந்த பொஞ்சாதி கிட்ட கோணி எங்கன்னு கேட்டுனு இருந்தான். நான் பிடரியில தெளிச்சேன், சிலுத்துக்குனான், சொன்னேன். கெளை முறிஞ்சிது. ஏடு பிரிஞ்சி, அடுத்த படம் அவன் பொஞ்சாதி சகுந்தலா. ஆலங்காயத்துப் பக்கம் கீழூருல பொறந்தவ. ஆனா கட்டினு வந்தவ வந்த வூட்டு மனுஷிதான், எங்க மலையில அப்பிடித்தான் கணக்கு. அவ ஏட்டுக்குப் பின்னாடி இன்னொரு ஏடு ஒட்டிக்கினு இருந்துது. வெளிச்சத்துல தூக்கிப் புடிச்சா அதுல அவ மவன் ராஜ்குமார் மங்கலாத் தெரிவான். ஆம்பூருல ஷூ கம்பெனியில வேல செய்யறான். அவன் முடிஞ்சா புத்தகம் முடிஞ்சிது.

சாவு வூட்டுலயே அவ காரியத்த முடிச்சிடலாம்னு நெனச்சேன். புருஷன் பொணம் நடு வூட்டுல கெடக்கு, பொம்பளைங்க கட்டிப் புடிச்சினு ஒப்பாரி வெக்கறாங்க, இவ ஒடம்பு அதுக்குள்ளயே ஆடிக்கினுதான் இருக்கும்னு சொம்போட போனேன். போய்ப் பாத்தா இவ அடுப்பாண்ட நின்னுனு வந்தவங்களுக்கு டீ வடிகட்டினு கீறா. பிடரியில தெளிச்சேன். திரும்பிப் பாத்தா. யாரோட ஏடு தொறந்து கீதோ அவங்க திரும்பிப் பாத்தா அவங்க கண்ணுக்கு நான் தெரிவேன். தெரிஞ்சவங்க எல்லாம் அலறித்தான் நான் பாத்துருக்கேன். இவ என்னை மேலயும் கீழயும் பாத்துட்டு, சக்கர போட்டா போடாமலான்னு கேட்டா.

சிலுத்துக்கவே இல்ல. எரும மேல மழ பேஞ்ச மாதிரி நின்னா.

நானும் வுடல. மார்கழிப் பனியில வாசல் பெருக்கறப்ப தெளிச்சிப் பாத்தேன். ஓடைத் தண்ணி, கெணத்துத் தண்ணி எல்லாம் மாத்திப் பாத்தேன். ஜமுனாமரத்தூர் கடையில ஐஸ் பெட்டிக்குள்ள கைய வுட்டு எடுத்துனு வந்து கரைச்சி ஊத்தினேன், அத்த நெனச்சா எனக்கே வெக்கமா கீது. இவ முந்தானையில கழுத்தத் தொடச்சிக்கினு புளியங்கொட்ட தட்டிக்கினே இருப்பா. ஒரு நாள் சுத்தியல தூக்கிக் காட்டி, சும்மா நிக்கறதுக்கு அந்தப் பக்கம் ஒக்காந்து ஓடு ஒடைச்சிக் குடுன்னு சொன்னா. இன்னாத்த சொல்ல, ஒக்காந்து ஒடைச்சேன். பழி வாங்க வந்தவள வேல வாங்கினவ இவ ஒருத்திதான்.

இன்னாதான் பண்ற நீ, யாரு நீன்னு அப்பத்தான் கேட்டா. நான் ஒளிக்கல. ஒளிக்கறது வீரன் வகையறா பழக்கம், எனக்கு அது இல்ல. குடிசை கதய சொன்னேன், தண்ணி எதுக்குன்னு சொன்னேன், புத்தகத்தையும் காட்டினேன். அவ படத்துல அவளும் நானும் புளி ஒடைச்சினு இருந்தோம். அத்த அவ பெருசா பாக்கல. ஏட்ட வெளிச்சத்துல தூக்கிப் புடிச்சா. பின்னாடி மங்கலா இருந்தது யாருன்னு கேட்டா. உன் மவன்தான், உனக்கு அப்புறம் அவன்தான்னு சொன்னேன். சரின்னு சொல்லி புத்தகத்த திருப்பிக் குடுத்துட்டு, சாமை ஒலையில போட எழுந்து போய்ட்டா.

எனக்கு எரிச்சல் தலைக்கேறிப் போச்சு. இதெல்லாம் ஒரு பொம்பளையான்னு கூட தோணுச்சு. ஊருலயும் அதத்தான் பேசுனாங்க. ஒலை வாய மூடலாம், ஊரு வாய மூட முடியுமா? கல்லு, கல்லுன்னாங்க. புருஷன் எப்ப சாவான்னு காத்துனு இருந்துருப்பா போலன்னு கூட ஒருத்தி சொன்னா. எதிர் வூட்டு ரத்தினம்மாள் ஆஸ்பத்திரிக்கு இட்டுனு போனா. அங்க தூக்கத்துக்கு மாத்திர குடுத்து அனுப்பினாங்க. இவ மாத்திரைய முழுங்கிட்டு, தூங்காம, காலையில எழுந்து ஆட்டுக்குத் தழ ஒடிக்கப் போவா. பேசமாட்டா, சிரிக்கமாட்டா. சோத்துல உப்பு இல்லன்னா கூட தெரியாம துன்னுவா. அவகூட ஒக்காந்து ஒக்காந்து, செத்தவ நானா அவளான்னு எனக்கே சந்தேகம் வந்துடுச்சு.

புருஷன் தெவசத்துக்கு ராஜ்குமார் ஆம்பூருல இருந்து வண்டியில வந்தான். அவனுக்கு நான் தெரிய மாட்டேன். அப்பன் படத்துக்கு மால போட்டு, படையல் வெச்சி, கீழ வுழுந்து கும்புட்டவன் எழுந்திருக்கல. அப்பிடியே குப்புறக் கெடந்து தேம்பினான். ஆளு வளந்தவன், மீச வெச்சவன், முதுவு குலுங்கறத என்னாலயே பாக்க முடியல. இவ எல எடுத்துப் போட்டு சோறு வெச்சா. ஆறிடும், எழுந்து துன்னுன்னு சொன்னா.

அவன் எழுந்து ஒக்காந்து அம்மாவையே பாத்தான்.

"அப்பா செத்தன்னிக்கும் நீ அழுவல, இன்னிக்கும் அழுவல. ஊருல பேசறப்ப எல்லாம் நான் உனக்காக சண்ட போட்டேம்மா. அவங்க சொல்றது சரிதான் போல கீது. நானே செத்தாலும் நீ டீதான் போடுவ."

எலையில கை வெக்கல. வண்டிச் சாவிய எடுத்துனு வெளிய போனான். இவ வாசப்படி வரைக்கும் வந்து நின்னா. இதுக்கு மேல ஒரு நேரம் எனக்குக் கெடைக்காது. பெத்த புள்ள அறுத்துனு போறான், இப்பவும் ஆடாத ஒடம்பு எந்த ஒடம்பு? வண்டி சத்தம் கேக்கறப்பவே பிடரியில தெளிச்சேன். சொம்பு காலி ஆவறவரைக்கும் தெளிச்சேன். ரவிக்க நனைஞ்சி முதுவுல ஒட்டிக்கிச்சு. அவ அசையல.

ஆத்திரத்துல புத்தகத்தப் பிரிச்சேன். படத்துல வாசப்படியில அவ நிக்கிறா. அடுத்த கட்டத்துல மொகம் மட்டும் பெருசா. அதுக்கடுத்த கட்டத்துல வாயோரம் செவப்பா ஒரு கோடு எறங்குது. நிமிந்து அவள நேராப் பாத்தேன். நாக்கக் கடிச்சிக்கினு நிக்கிறா, ரத்தம் தாடையில வடியறது கூட தெரியாம. மரத்துப் போனவ எதுக்கு நாக்கக் கடிக்கணும்?

அப்பத்தான் எனக்கு ஒன்னு ஒறைச்சுது. இத்தன நாளா தண்ணி தெளிச்சேனே தவிர, கேக்க வேண்டியத நான் கேக்கவே இல்ல. இதுக்கு முன்னாடி யாரும் சிலுத்துக்காம நின்னதில்ல, கேக்கற தேவையும் வந்ததில்ல. வீரன் வகையறாவுல வந்தவ கிட்டப் போயி கொற கேக்கறதான்னு ஒரு திமிரும் இருந்துது, அதையும் சொல்லிடறேன். கோயில்ல கறிக்கு ஒக்காந்தவன் எல்லாம் அவசரப்பட்டப்ப அசையாம நின்னவ நான். எனக்கே அவசரம்னு வந்ததும் மொறய மறந்துட்டேன்.

சொம்ப கீழ வெச்சிட்டு, மொறப்படி எதுருல நின்னு கேட்டேன். "இன்னா கொற, சொல்லு."

அவ என்னை ஒரு தினுசாப் பாத்தா. "என்னையா கேக்கற?"

"உன்னைத்தான்."

வாசப்படியிலயே ஒக்காந்துட்டா. வாயில இருந்த ரத்தத்த துப்பிட்டு, தரைய பாத்துனே பேசுனா. "அவரு செத்து ஒரு வருஷம் ஆவுது. அழுடி அழுடின்னாங்க. மாத்திர துன்னுன்னாங்க. உனக்கு இன்னாடி ஆச்சுன்னு ஒருத்தரும் கேக்கல. மொத மொத கேக்க வந்தவ நீதான், அதுவும் என்னைக் கொல்ல வந்தவ."

முந்தானையில வாயத் தொடச்சிக்கினா.

"எனக்கு அழுவ வரலன்னு நெனச்சியா? வந்தது. எத்தினியோ வாட்டி தொண்ட வரைக்கும் வந்தது. மொதல்ல ஒன்னும் புரியாம நின்னேன், அது நெசம். அப்புறம் நீ புத்தகத்தக் காட்டுன. நான் அழுதா ஒடம்பு ஆடும். ஆடுச்சுன்னா நான் போவேன், என் ஏடு அழிஞ்சி எம்புள்ள ஏடு தொறக்கும். அதனால முழுங்கினேன். இன்னிக்கு அவன் அப்பிடி சொல்லிட்டுப் போனானே, அதையும் முழுங்கினேன். அதான் கொற. எம்புருஷனுக்கு நான் அழுவணும். அழுவறதுக்கு எம்புள்ள ஏடு உன் புத்தகத்துல இருக்கக் கூடாது."

கேட்டாச்சு. கொறயும் வந்துடுச்சு. இனிமே தீக்கணும், இல்லன்னா தண்ணியத் தொடக் கூடாது. அந்த ஏட்டக் கிழிச்சா புத்தகம் முடியாது. முடியலைன்னா எனக்கு விடுதல இல்ல, காலம் பூரா இந்த மலையிலயே மேய வேண்டியதுதான். அங்க எங்க ரெண்டு பேரத் தவுர யாரும் இல்ல. கேக்காத மாதிரி நான் எழுந்து போயிருக்கலாம். நாளைக்கு வந்து வேற வழியில அவள அழ வெச்சிருக்கலாம். வீரன் இருந்தா அதத்தான் செஞ்சிருப்பான்.

செத்தப்புறம் மொத மொதலா ஒன்னு வலிச்சிது. போடி, உனக்கும் சேத்து நானே சாவறேன்னு திட்டிக்கினே ஏட்டப் புடிச்சி இழுத்தேன். அத்தன காலம் பல்லுக்கும் அசையாத ஏடு, வெத்து காயிதம் மாதிரி கிழிஞ்சி கையில வந்துது. அதுல ராஜ்குமார் ஆலங்காயத்துக்கு எறங்கற ரோட்டுல வண்டி ஓட்டினு போனான். கொஞ்சம் கொஞ்சமா மங்கி, ஏடு வெறும் பட்டையா நின்னுது. அவ பயந்துட்டா. உள்ள ஓடி போன எடுத்து அடிச்சா, அவன் எடுக்கல. மறுபடி அடிச்சா. அவ கூடவே நானும் மூச்சப் புடிச்சினு நின்னேன், எனக்கு மூச்சே கெடயாதுன்னு கூட அப்ப தோணல.

அரை மணி நேரம் கழிச்சி அவன் கிட்ட இருந்து போனு அடிச்சுது. ஆலங்காயம் வந்துட்டேன், டீ குடிச்சினு கீறேன், இன்னா வேணும்னு வெடுக்குனு கேட்டான்.

"ஒன்னும் இல்லப்பா, பாத்துப் போ" அப்பிடின்னு சொல்லி போன வெச்சிட்டா.

வாசலுக்கு வந்து எங்கிட்ட முதுவக் காட்டி ஒக்காந்தா. தெளின்னு சொன்னா. கொற தீத்தாச்சு, இனிமே மொறதான். சொம்புல தண்ணி மொண்டு, மஞ்ச கரைச்சி, பிடரியில தெளிச்சேன். தண்ணி முதுவுல எறங்கறதுக்கு முன்னாடியே அவ தோளு சிலுத்துச்சு. தோளு, முதுவு, காலு எல்லாம் ஒதறிப் போட்டுது. 'யோவ், கோணி எங்கன்னு கேட்டியே, நான் பதில் சொல்றதுக்குள்ள போய்ட்டியேயா'ன்னு ஒரு சத்தம் போட்டா பாரு, எதிர் வூட்டு நாயி எழுந்து ஓடிச்சு. நெஞ்சுல அறைஞ்சிக்கினு அழுதா. ஒரு வருஷத்து அழுவ. சாவு வூட்டுல பொம்பளைங்க பக்கத்துல கீறது யாருன்னு பாக்காம கட்டிக்குவாங்க இல்ல, அந்த மாதிரி திரும்பி என் கழுத்தக் கட்டிக்குனா.

என் குடிசை எரிஞ்ச அன்னிக்கு எனக்காக அழ யாரும் வரல. அதுக்கப்புறம் என்னை யாரும் தொட்டதும் இல்ல. ஒருத்தி கட்டிப் புடிச்சா நீயும் கட்டிப் புடிக்கணும், அதுவும் எங்க மொறதான். புடிச்சேன். அவ குலுங்குனதுல நானும் குலுங்கினேன். யாருக்கு அழுதேன்னு தெரியல, கண்ணுல தண்ணி வந்துது.

அவ சிலுத்துக்குனா, உத்தரவு வந்துடுச்சு, ஒரு வார்த்ததான் பாக்கி. வாய் வரைக்கும் வந்துது. என் கை அவ முதுவுல இருந்துது, ரவிக்க ஈரமா இருந்துது. வெயிலு நல்லா ஏறிடுச்சு. கைக்குக் கீழ ஈரம் கொஞ்சம் கொஞ்சமா காஞ்சினே வந்துது. காயட்டும்னு இருந்துட்டேன்.